70 கொண்டை ஊசி வளைவு! மார்கழிப் பனி! மலை ஏறும் ‘தாத்தா’ ஜீப்!

பழைய வண்டிக்கு உயிர் கொடுப்பது எப்படி? அதை ஓட்டி உயிரோடு திரும்புவது எப்படி?

மார்கழி மாதம். அதிகாலை 5 மணி.

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள காரவள்ளி. எதிரே பெரிய மலை இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. மரங்களுக்கு மேலே எல்லாம் ஒரே வெள்ளை. மூடுபனி!

இந்த நேரத்தில் ரோட்டு ஓரத்தில் ஒரு கிழட்டு ஜீப் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் உதிர்ந்த மூக்கு. முன்னால் இரும்புப் பட்டைகள். பின்னால் மூட்டை ஏற்ற ஒரு தொட்டி. வயது 50-க்கு மேல்.

“இதுவா மலை ஏறப்போகுது? பாதி வளைவுலேயே படுத்துக்குமுங்க” என்று பஸ்சுக்கு நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

டிரைவர் வாய் திறக்கமாட்டார். சோக்கை இழுப்பார். செல்ப் ‘கிர்ர்... கிர்ர்...’ என்று முனகும். இரண்டு தடவை இருமும். மூன்றாவது தடவை ‘டபடப’ என்று பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் என்ன? ஜீப் கிளம்பிவிடும். சிரித்தவர்கள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்!

ஓரியின் மலை

கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் காரவள்ளி வரும். அங்கே இருந்துதான் ஏற்றம் ஆரம்பம்.

ஒன்றல்ல, இரண்டல்ல... 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே போகலாம். எண்ணி முடிப்பதற்குள் பலருக்கு தலை சுற்றிவிடும்.

உச்சிக்குப் போனால் சோளக்காடு. அதைத் தாண்டினால் செம்மேடு. கடல் மட்டத்தில் இருந்து 1,000 மீட்டர் முதல் 1,300 மீட்டர் வரை உயரம் உள்ள பூமி.

கடையேழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஓரி ஏறிய குதிரைக்கும் ‘ஓரி’ என்றே பெயர் என்று சங்க இலக்கியம் சொல்கிறது. ஆகவே, வண்டிக்குச் செல்லப் பெயர் வைக்கும் பழக்கம் இந்த மலைக்குப் புதிது அல்ல!

அறப்பளீசுவரர் கோவில், ஆகாய கங்கை அருவி, எட்டுக்கை அம்மன் கோவில் என்று சுற்றுலாக்காரர்களை இழுக்கும் இடங்கள் பல. ஆனால் மலைவாசிகளுக்கு இந்த ரோடு வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல. அது வயிற்றுப் பாடு.

மிளகு, காப்பிக்கொட்டை, வாழை, பலா, அன்னாசி, மரவள்ளிக் கிழங்கு... இவை எல்லாம் கீழே இறங்கினால்தான் காசு. அரிசியும் மண்எண்ணையும் உரமும் மேலே ஏறினால்தான் சோறு.

அதிலும் குளிர்காலம் முக்கியமான காலம். காப்பிப் பழம் பறிக்கும் நேரம். அதை ஒட்டியே மிளகு வந்துவிடும். வடகிழக்கு மழை நின்றும் நிற்காமலும் இருக்கும். மண்பாதை எல்லாம் சேறு. தார் ரோட்டில் ஈர இலைகள். அதற்கு மேல் மூடுபனி.

தோட்டத்தில் இருந்து மெயின் ரோடு வரை மூட்டையைக் கொண்டுவர வேண்டும். அங்கேதான் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மவுசு!

49 நாளில் பிறந்தது

இந்த வண்டியின் பிறப்பே ஒரு கதை.

1940-ம் ஆண்டு. ஐரோப்பாவில் யுத்தம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு சின்ன வண்டி தேவைப்பட்டது. லேசாக இருக்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். சேறு, மணல், மேடு எதற்கும் அஞ்சக்கூடாது.

135 கம்பெனிகளுக்கு ராணுவம் கடிதம் போட்டது. கெடு எவ்வளவு தெரியுமா? மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்!

பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டன. ‘பான்டம்’ என்ற சின்னக் கம்பெனி துணிந்து இறங்கியது. கார்ல் புரோப்ஸ்ட் என்ற என்ஜினீயர் இரண்டே நாளில் படம் வரைந்து கொடுத்தார். கெடு முடியும் நாளில் வண்டி ராணுவ வாசலில் போய் நின்றது.

ஆனால் ஆர்டரில் பெரும் பங்கு வேறு இடத்துக்குப் போனது. வில்லிஸ், போர்டு ஆகிய இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. பான்டம் கம்பெனியின் பெயரை இன்று நினைப்பவர் குறைவு. பாடுபட்டவன் ஒருவன், பலன் கண்டவன் ஒருவன்!

1945-ல் யுத்தம் முடிந்தது. இந்தியாவில் மிஞ்சிக் கிடந்த ராணுவ ஜீப்புகளையும் லாரிகளையும் ஏலம் போட்டார்கள். ‘டிஸ்போசல் வண்டி’ என்று அதற்குப் பெயர்.

அதே 1945-ல் ‘மகிந்திரா அண்டு முகமது’ என்ற கம்பெனி தொடங்கியது. நாடு பிரிந்ததும் பங்குதாரரான குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதி மந்திரி ஆகிவிட்டார். 1948-ல் கம்பெனி ‘மகிந்திரா அண்டு மகிந்திரா’ ஆனது. வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து பம்பாயில் பூட்டத் தொடங்கிய கம்பெனி, பிறகு இங்கேயே செய்யவும் ஆரம்பித்தது.

பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில், போலீஸ் ஸ்டேஷனில், தேர்தல் பிரசாரத்தில் என்று தமிழ்நாடு முழுக்க ஜீப் ஓடிய காலம் அது. ‘ஜீப் வருது!’ என்றால் ஊரே எழுந்து நின்ற காலம்.

ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் ‘மான்’ கம்பெனி உதவியோடு 1959-ல் ‘சக்திமான்’ லாரி வந்தது. 1969-ல் ஜப்பானின் நிசான் கம்பெனி மாடலில் ‘ஜோங்கா’ வந்தது. ஜோங்கா 1999 வரை வந்துகொண்டிருந்தது. ராணுவத்தில் வேலை முடிந்ததும் இவையும் ஏலத்துக்கு வந்து சாதாரண மக்கள் கைக்குப் போயின.

இரண்டு குட்டி லிவர்

அப்படி என்ன விசேஷம் இந்த வண்டியில்?

சாதாரண லாரியில் பின் சக்கரம் மட்டும் தள்ளும். முன் சக்கரம் திரும்பும். அவ்வளவுதான். பின் சக்கரம் சேற்றில் மாட்டினால் கதை முடிந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க சக்கரம் குழி தோண்டிக்கொண்டே போகும்.

பழைய ஜீப்பில் கியர் ராடுக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி லிவர்கள் இருக்கும். ஒன்றைப் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மற்றதைப் போட்டால் வேகம் குறைந்து, இழுப்பு சுமார் இரண்டரை மடங்கு ஆகிவிடும். வண்டி நத்தை போல நகரும். ஆனால் நிற்காது!

இதில் பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ‘மலை ரோடு ஆச்சே’ என்று அடிவாரத்திலேயே நான்கு சக்கரத்தையும் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

கூடவே கூடாது!

வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் அதிக தூரம் ஓடும். பின் சக்கரம் குறைந்த தூரம் ஓடும். சேற்றில், சரளையில் டயர் கொஞ்சம் வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரி செய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் டயர் வழுக்காது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே முறுக்கு ஏறும். ஸ்டியரிங் கல்லாக இறுகும். கடைசியில் ஜாயிண்டோ, ஆக்சிலோ ‘படார்’ என்று போகும். 70 வளைவு உள்ள ரோட்டில் இதைவிட ஆபத்து வேறு வேண்டுமா?

ஆக, தார் ரோட்டுக்கு இரண்டு சக்கரம். மண்பாதைக்கும் சேற்றுக்கும் நான்கு சக்கரம். இதுதான் கணக்கு.

பட்டறையில் ஒரு பேச்சு

கொல்லிமலைக்கு ஒரு அதிர்ஷ்டம். காலடியிலேயே நாமக்கல் இருக்கிறது!

லாரிக்கு பாடி கட்டுவதில் நாமக்கல்லுக்கு நாடு முழுவதும் பெயர். பக்கத்தில் உள்ள திருச்செங்கோடு, ‘ரிக்’ வண்டிக்குப் பெயர் போனது. வெல்டிங், லேத், டிங்கரிங், பெயிண்டிங், பட்டை கட்டுதல் என்று எதைக் கேட்டாலும் ஆள் உண்டு.

தோட்டத்தில் கோழி அடையும் கூடாக நின்ற ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தால், வாசலில் பேச்சு இந்த ரகத்தில்தான் ஓடும்:

“என்னங்க மாமா, இதை உடைச்சு எடைக்குப் போட்டுருங்க. இரும்பு விலையாவது கிடைக்கும்.”

“அட போப்பா! எங்கப்பா இதுலதான் மிளகு ஏத்துனாரு. எங்கம்மாவை பிரசவத்துக்குக் கீழ கொண்டாந்தது இந்த வண்டிதான். இதைப் போய் எடைக்குப் போடறதா?”

“அப்பிடீன்னா செலவு ஆவுமுங்க. அப்பறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது.”

“ஆவுறது ஆவட்டும். நீ எறக்கு.”

இறக்கிய பிறகுதான் வேடிக்கை. எல்லோரும் முதலில் ஆசைப்படுவது பெயிண்டுக்கு! பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்து, போட்டோ எடுத்து மாட்ட வேண்டும் என்பார்கள்.

நல்ல மெக்கானிக் அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார். அவர் போகும் வரிசை வேறு.

முதலில் சேசிஸ். இரும்பில் விரிசல் உண்டா, துரு தின்றிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்றால் சரி. ‘பொத்’ என்றால் அபாயம்.

இரண்டாவது பிரேக். மூன்றாவது ஸ்டியரிங். நான்காவது பட்டையும் ஆக்சிலும். ஐந்தாவதுதான் என்ஜின். பெயிண்ட் கடைசி!

ஏன் இந்த வரிசை? ஓடாத என்ஜின் யாரையும் கொன்றது இல்லை. நிற்காத வண்டிதான் கொல்லும்.

ஒரே குழாய்... ஒரே உயிர்!

பழைய ஜீப்பின் பிரேக்கில் ஒரு ரகசியம் இருக்கிறது. வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்றைய வண்டிகளில் பிரேக் ஆயில் இரண்டு தனி வழியில் போகும். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். பழைய ஜீப்பில் ஒரே வழிதான். நான்கு சக்கரத்தில் ஏதாவது ஒரு இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வாஷர் கிழிந்தால் போதும். ஆயில் பூராவும் வெளியே. பெடல் தரையைத் தொடும்!

‘ஹேண்ட் பிரேக் இருக்கே’ என்று கேட்கலாம். அதிலும் ஒரு சிக்கல். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர் பெட்டிக்குப் பின்னால், நீள ஷாப்டு புறப்படும் இடத்தில் இருக்கும் டிரம்மைப் பிடிக்கும். அந்த ஷாப்டின் ஜாயிண்ட் உடைந்தால் ஹேண்ட் பிரேக்கும் போச்சு!

அதனால்தான் அனுபவசாலிகள் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், லைனிங், ஹோஸ் பைப் என்று எதையும் மிச்சம் வைக்காமல் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். கூடவே, கிளீனர் கையில் எப்போதும் ஒரு மரக்கட்டை இருக்க வேண்டும். ‘கட்டை போடுடா!’ என்ற சத்தத்தில் தப்பிய உயிர்கள் எத்தனையோ!

பெட்ரோலா? டீசலா?

அடுத்து வருவது பெரிய தர்மசங்கடம்.

பழைய ‘சி.ஜே.3பி’ ஜீப்பில் இருப்பது 2,199 சி.சி. பெட்ரோல் என்ஜின். ‘ஹரிக்கேன்’ என்று பெயர். தமிழில் சூறாவளி. பெட்ரோல் குடிப்பதிலும் சூறாவளிதான்!

‘பேசாமல் டீசல் என்ஜினைத் தூக்கி வைத்துவிடலாம்’ என்று தோன்றும். மலைவாசிகள் பலர் அந்தக் காலத்திலேயே இதைச் செய்தார்கள். மிளகு மூட்டை ஏற்றுகிறவருக்கு டீசல் கட்டுப்படியாகும். அதில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் இப்போது சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது.

2021 ஜூலையில் மத்திய அரசு புதிய விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ வண்டி என்று பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20 ஆயிரம் ரூபாய். மறுபதிவுக்கு 5 ஆயிரம் ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கவுரவம்தான்!

ஆனால் நிபந்தனை உண்டு. வண்டி ஆதி உருவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதாவது, டீசல் என்ஜின் ஏறினால் விண்டேஜ் கவுரவத்துக்கு ஆபத்து!

இன்னொரு நிபந்தனையும் உண்டு. விண்டேஜ் வண்டியை தினசரி ரோட்டில் ஓட்டக்கூடாது. வியாபாரத்துக்கு ஓட்டவே கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் பார்ப்பது... இதற்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம்.

ஆக, மலை விவசாயி இரண்டில் ஒன்றைத் தேர்ந்து எடுக்க வேண்டும். அப்பாவின் வண்டி அசல் உருவத்தில் நிற்க வேண்டுமா? அல்லது உருவம் மாறினாலும் அப்பாவைப் போல உழைக்க வேண்டுமா?

உழைக்க வேண்டும் என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தகுதிச் சான்று வாங்க வேண்டும். லோடு வண்டியாகப் பதிவு செய்திருந்தால் 8 வயதுக்கு மேல் ஆண்டுதோறும் தகுதிச் சான்று உண்டு. என்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி கட்டாயம். அனுமதி வாங்காமல் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும். அப்போது மிளகுத் தோட்டமே ஏலத்துக்கு வரலாம்!

பெட்ரோல் என்ஜினையே வைத்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால், காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் கெடுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கில் துரு பிடிக்கும். பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட வேண்டும். டாங்கில் நீண்ட நாள் பெட்ரோலைத் தேக்கி வைக்கக் கூடாது.

இமயமலையின் கிழவர்கள்

‘இந்த வயதில் ஒரு வண்டி மலையில் ஓடுமா?’ என்று சந்தேகப்படுகிறவர்கள் டார்ஜிலிங் பக்கம் பார்க்க வேண்டும்.

மேற்கு வங்காளத்தில் மானேபஞ்சன் என்ற சின்ன ஊர். அங்கே இருந்து சண்டக்பூ என்ற சிகரத்துக்கு ஒரு மலைப்பாதை. உயரம் 3,636 மீட்டர். கொல்லிமலையைப் போல சுமார் 3 மடங்கு! குளிர்காலத்தில் பனி கொட்டும்.

அந்தப் பாதையில் 1950-களில் பிறந்த ‘லேண்ட் ரோவர்’ வண்டிகள் தலைமுறை தலைமுறையாக ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஓடின. வெள்ளைக்காரத் தேயிலை முதலாளிகள் விட்டுச்சென்ற வண்டிகள். உள்ளூர் டிரைவர்களே பாதி மெக்கானிக்குகள். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதபோது பலவற்றில் நம் நாட்டு மகிந்திரா என்ஜினைத் தூக்கி வைத்தார்கள். வெள்ளைக்காரன் உடம்பு, இந்திய இருதயம்!

பிறகு ரோடு சீராகி, புதிய வண்டிகள் வந்து, கிழவர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஆனாலும் வண்டி வயதால் சாவதில்லை, கவனிப்பு இல்லாமல்தான் சாகிறது என்பதற்கு அவைகளே சாட்சி.

60 லிட்டர் வெந்நீர்!

இனி கொல்லிமலைக்கு வருவோம். வண்டி தயார். மூட்டை ஏற்றியாகிவிட்டது. இறங்க வேண்டும்.

ஏறுவது பெரிது அல்ல. இறங்குவதுதான் பெரிது!

ஒரு கணக்கு: லோடோடு 2 டன் எடையுள்ள வண்டி, சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருந்து அடிவாரத்துக்கு வருகிறது. அத்தனை வேகத்தையும் பிரேக் மட்டுமே பிடித்து அடக்கினால் பிறக்கும் சூடு எவ்வளவு தெரியுமா? சுமார் 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு!

இவ்வளவு சூட்டையும் நான்கு சின்ன டிரம்கள் தாங்குமா? லைனிங் கருகும். பிடி விட்டுப்போகும். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்து ஆவியாகும். பெடலை மிதித்தால் பஞ்சு போல உள்ளே போகும். வண்டி நிற்காது.

இதற்கு மருந்து ஒன்றே ஒன்று. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு! என்ஜினே வண்டியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால் போதும்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர்கள் உண்டு. 100 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் தலையைக் கொடுக்கும் வேலை அது!

பழைய ஜீப்பில் இன்னொரு குணம். ஓடும்போது முதல் கியர் லேசில் விழாது. ‘கர்ர்’ என்று கத்தும். நடு இறக்கத்தில் கியர் மாற்றப்போய் விழாமல் போனால் வண்டி நியூட்ரலில் பாயும். ஆகவே வளைவு வருவதற்கு முன்பே, வேகம் குறைந்திருக்கும்போதே, கியரைப் போட்டுவிட வேண்டும்.

மூடுபனியில் எப்படி?

கொல்லிமலையில் ஊட்டி போல உறைபனி பிரச்சினை இல்லை. டீசல் உறைந்துபோகாது. தொல்லை எல்லாம் மூடுபனிதான்.

பனியில் லைட்டை ‘டிம்’மில் போட வேண்டும். ‘பிரைட்’ போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு டிரைவரின் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வெள்ளைச் சுவர் நிற்பது போல இருக்கும்.

பழைய ஜீப்பின் வைப்பர் தூங்குமூஞ்சி. டைனமோவும் அப்படியே. மெதுவாகப் போகும்போது லைட் மங்கும். கிளம்புவதற்கு முன்பு பேட்டரி, டைனமோ, வயரிங் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். கண்ணாடியின் உள்பக்கம் துடைக்க ஒரு துணி கையோடு இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். பதில் ஹாரன் வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். ரேடியோவில் பாட்டு போட்டுக்கொண்டு போனால் எதிர் ஹாரன் கேட்காது!

குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இது மரியாதை மட்டும் அல்ல, சட்டம். இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறும் வண்டி ஒருமுறை நின்றால் மீண்டும் கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்பது டிரைவர்களுக்குத் தெரியும்.

டயர் விஷயம்: சேற்றில் ஓட பெரிய பெரிய பல் வைத்த டயர் நல்லது. ஆனால் அதே டயர் ஈரமான தார் ரோட்டில் வழுக்கும். அந்த டயர் போட்டவர்கள் மழைத் தூறலில் வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

மூட்டைமேல் ஆள்!

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் ஒரு தப்பு செய்கிறார்கள்.

மூட்டைக்கு மேல் ஆட்களை ஏற்றுவது!

சந்தைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சொந்தக்காரர்கள்... பஸ் போய்விட்டது என்றால் கை காட்டுவார்கள். “அண்ணா, சோளக்காட்டுல எறக்கி உட்டுருங்கண்ணா” என்று கெஞ்சினால் டிரைவருக்கு மனசு கேட்காது.

ஆனால் லோடு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், மூட்டை மேல் ஆள் உட்கார்ந்தால் வண்டியின் கனம் மேலே ஏறிவிடுகிறது. வளைவில் வண்டி சாய்ந்தால் மூட்டையும் ஆளும் ஒன்றாகப் போகிறார்கள். மிளகு கொட்டினால் அள்ளிக்கொள்ளலாம். உயிர் கொட்டினால்?

ஏமாற்றுக்காரர்கள் உஷார்!

பழைய ஜீப் மோகம் பரவியதும் மோசடியும் பரவிவிட்டது. ‘ராணுவத்தில் இருக்கிறேன். மாறுதல் வந்துவிட்டது. ஜீப்பை மலிவாகக் கொடுக்கிறேன். முன்பணம் அனுப்புங்கள்’ என்று செல்போனில் பேசிப் பணம் பறிக்கும் கும்பல் பற்றி போலீசார் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள்.

ராணுவ வண்டி முறையான ஏலத்தில்தான் வரும். வண்டியை நேரில் பார்க்காமல், சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்பார்க்காமல், ஒரு பைசா கொடுக்கக் கூடாது. ஏல வண்டி என்றால் ஏலச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும். பேப்பர் இல்லாத ஜீப், கோழிக்கூடுதான்!

இறங்கினால்தான் கணக்கு

பொழுது விடிந்து வெயில் ஏறும்போது கொல்லிமலையில் பனி மெல்ல விலகும். கீழே நாமக்கல் சமவெளி விரியும்.

அந்த நேரத்தில், காலையில் மேலே போன கிழட்டு ஜீப் மூட்டைகளோடு அடிவாரத்துக்கு வந்து சேரும். என்ஜினில் அனல் அடிக்கும். டிரைவர் இறங்குவார். முதல் வேலையாக நான்கு சக்கரத்திலும் டிரம்மைத் தொடாமல், பக்கத்தில் கையை வைத்துப் பார்ப்பார். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால், அந்தச் சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் டீ!

காலையில் சிரித்தவர்கள் யாராவது அங்கே நின்றால் இப்போது கேட்பார்கள்: “பரவாயில்லையே! எப்படிங்க ஏறுச்சு?”

மலை டிரைவர் எதற்காகச் சிரிப்பார் என்றால், அந்தக் கேள்விக்குத்தான். ஏறியதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள்.

70 வளைவு இறங்கி, மூட்டையோடு, முழு ஆளாக வந்து நிற்கிறாரே... அதை யாரும் கேட்பது இல்லை!